விரல் நுனிக்குக் கல்வி தந்த லூயி பிரெயில்

டேப்லெட் கணினி இன்று எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. பார்த்தால் பள்ளிக்கூடச் சிலேட்டு அளவில் ஒரு கண்ணாடிப் பலகை. விரலால் தொட்டால் திறக்கிறது. விரலால் தள்ளினால் பக்கம் புரள்கிறது. பையன் அதில் பாடம் படிக்கிறான். பாட்டி அதில் வெளியூர்ப் பேத்தியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். அதை இயக்குவதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒரு விரல் போதும். எல்லோருக்கும் அது பிடித்துப்போனதற்கு இதுவே காரணம்.

ஆனால் கண்ணாடி வழவழப்பானது. தடவிப் பார்த்தால் ஓர் எழுத்தும் கைக்குத் தட்டுப்படாது. அப்படியானால் கண் பார்வை இல்லாதவர்கள் அதில் எப்படி எழுதுவார்கள்?

எழுதுகிறார்கள்! டேப்லெட்டை மேசைமேல் வைத்து, இரண்டு கைகளிலிருந்தும் மும்மூன்று விரல்களைக் கண்ணாடியின்மேல் பதித்து, கடகடவென்று எழுதுகிறார்கள். இந்த ஆறு விரல் எழுத்தை வகுத்தவர், மின்சார விளக்கைக்கூட வீடுகளில் காணாத காலத்தில் வாழ்ந்தவர். 1852-ம் ஆண்டிலேயே இறந்துபோனவர். அவர்தான் லூயி பிரெயில்.

குத்தூசி செய்த கொடுமை

பிரான்சு நாட்டில், பாரிஸ் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் கூவ்ரே என்ற கிராமம் இருக்கிறது. அங்கே 1809-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி லூயி பிறந்தான். வீட்டில் நான்கு குழந்தைகள். அவனே கடைக்குட்டி.

தகப்பனார் பெயர் சிமோன் ரெனே. குதிரைகளுக்குச் சேணமும் கடிவாள வாரும் தைப்பது அவர் தொழில். பட்டறை வீட்டோடு சேர்ந்தே இருந்தது. தோலை அறுக்கும் கத்திகளும், துளை போடும் குத்தூசிகளும் அங்கே கிடக்கும்.

லூயிக்கு அப்போது மூன்று வயது. அப்பா செய்வதைப்போல் தானும் செய்ய வேண்டும் என்று குழந்தைக்கு ஆசை. கூரிய கருவி ஒன்றை எடுத்துத் தோலில் குத்தப் பார்த்தான். அது வழுக்கிக்கொண்டு வந்து கண்ணில் பாய்ந்துவிட்டது. புண்ணில் சீழ் பிடித்தது. அந்த நாளில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. ஒரு கண்ணில் வந்த நோய் மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டு கண்களும் இருண்டுவிட்டன.

பார்வை இழந்த ஏழைகள் அந்தக் காலத்து ஐரோப்பாவில் பெரும்பாலும் பிச்சை எடுத்தே பிழைத்தார்கள். மகனை அந்தக் கதிக்கு விடப் பெற்றோருக்கு மனம் இல்லை. தகப்பனார் அவனுக்குக் கைத்தடி செய்து கொடுத்து நடக்கப் பழக்கினார். ஊர்ப் பாதிரியார் அவனுக்குப் பாடம் சொன்னார். பள்ளிக்கூட ஆசிரியரும் அவனை மற்றப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார். காதால் கேட்டதை எல்லாம் லூயி அப்படியே மனத்தில் பிடித்துக்கொண்டான். படிப்பில் அவன் யாருக்கும் பின்தங்கவில்லை.

ஆனால் புத்தகத்தை அவனால் படிக்க முடியவில்லை. மற்றவர் படித்துச் சொன்னால்தான் உண்டு.

கனத்த புத்தகம்

1819-ம் ஆண்டு, பத்து வயதில், லூயி பாரிசுக்குப் போனான். பார்வையற்ற சிறுவர்களுக்கான அரசுப் பள்ளி அங்கே இருந்தது. வாலெண்டின் ஹாவி என்பவர் தொடங்கிய பள்ளி அது. கண் இல்லாதவர்களுக்கும் படிப்பு வரும் என்று உலகுக்குக் காட்டிய பெரியவர் அவர்.

ஹாவி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஈரத் தாளை அச்செழுத்துகளின்மேல் வைத்து அழுத்தினால், எழுத்துகள் தாளில் புடைத்து நிற்கும். அவற்றை விரலால் தடவிப் படிக்கலாம்.

நல்ல யோசனைதான். ஆனாலும் அதில் சங்கடம் இருந்தது. விரலுக்குப் புரிய வேண்டும் என்றால் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். எழுத்துப் பெரிதானால் புத்தகமும் பெரிதாகும். தூக்க முடியாத கனம்! அதன் எழுத்துகளோ வளைவும் சுழியுமாக இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றித் தடவ வேண்டும். ஒரு வரியின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த முறையில் மாணவன் படிக்கலாமே தவிர, தன் கையால் எழுத முடியாது.

காரணம் என்ன? அவை கண்ணுக்காகப் பிறந்த எழுத்துகள். அவற்றைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி விரலுக்குக் கொடுத்தார்கள். விரலுக்கு எது சுலபம் என்று யாரும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு ஆறானது

1821-ம் ஆண்டு சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, தாம் வகுத்த ஒரு புதிய முறையை அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அதில் எழுத்துகளே இல்லை. வெறும் புள்ளிகள்தான். தாளில் முனையால் குத்தினால் மறுபுறம் புள்ளி மேடாக எழும். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் ஆறு என்று பன்னிரண்டு புள்ளிகளுக்கு இடம் இருந்தது. அவற்றின் எண்ணிக்கையைக் கொண்டு ஒலியைக் கண்டுகொள்ள வேண்டும்.

பன்னிரண்டு வயது லூயி அதைத் தொட்டுப் பார்த்தான். வளைந்த கோட்டைவிடப் புள்ளி விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. அதோடு, சொந்தக் கையாலேயே எழுதவும் முடிந்தது! அவனுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை.

ஆயினும் பார்பியேயின் முறையிலும் குறைகள் இருந்தன. அது ஒலியை மட்டுமே குறித்தது. சொல்லை எழுத்துப் பிழையில்லாமல் எழுத அதில் வழி இல்லை. எண்கள் இல்லை. நிறுத்தக் குறிகள் இல்லை. பன்னிரண்டு புள்ளிகளும் ஒரு விரல் நுனிக்குள் அடங்கவும் இல்லை. மேலும் கீழும் விரலை நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது.

லூயி இரவும் பகலும் அதே சிந்தனையாக இருந்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் கையில் தாளும் ஊசியும்தான். புள்ளிகளைக் குறைத்தான், மாற்றி அடுக்கினான், மறுபடி அழித்தான். 1824-ம் ஆண்டு, பதினைந்தாம் வயதில், விடை கிடைத்துவிட்டது.

ஆறே புள்ளிகள்!

பகடைக் காயில் ஆறு விழுந்தால் எப்படி இருக்கும்? இடப்புறம் மூன்று, வலப்புறம் மூன்று. அதுதான் பிரெயில் கட்டம். இந்த ஆறில் எந்தப் புள்ளி மேடாக நிற்கிறது, எது இல்லை என்பதே எழுத்து. இப்படி மாற்றி மாற்றி வைத்தால் 63 விதமான அடையாளங்கள் கிடைக்கும். எழுத்துகள், எண்கள், நிறுத்தக் குறிகள் எல்லாவற்றுக்கும் அவை போதும். கட்டம் முழுவதும் ஒரே விரல் நுனிக்குள் அடங்கிவிடுகிறது. மேலும் கீழும் விரல் அலைய வேண்டாம். தொட்டவுடன் எழுத்து தெரியும்.

எழுதுவதற்கு ஒரு சிறிய சட்டப் பலகையும் கூரிய ஆணியும் போதும். நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் எழுதியதைப்போல, இவர்கள் தடித்த தாளில் குத்தி எழுதுகிறார்கள். வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போய்த் தாளைத் திருப்பினால், புள்ளிகள் இடமிருந்து வலமாகப் படிக்க வரும். கையில் எடுத்துச் செல்லக்கூடிய பலகை; நினைத்த இடத்தில் எழுதலாம்; எழுதியதை உடனே படிக்கலாம்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். எந்த மாதிரி ஊசி அவருடைய கண்களைப் பறித்ததோ, அதே மாதிரி ஊசியைக் கொண்டுதான் அவர் எழுத்தைப் படைத்தார்.

தடையும் வெற்றியும்

லூயி படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். 1829-ம் ஆண்டு தமது முறையை விளக்கி நூல் வெளியிட்டார். இசையிலும் அவர் வல்லவர். பாரிஸ் மாதாகோயில் ஒன்றில் ஆர்கன் வாசித்தார். இசைக் குறிப்புகளையும் புள்ளிகளில் எழுத வழி செய்தார்.

மாணவர்கள் புள்ளி எழுத்தை ஆவலோடு கற்றார்கள். ஆனால் கண் உள்ள பெரியவர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. பார்வையற்றவர்களுக்கென்று தனி எழுத்து எதற்கு, எல்லோரும் படிக்கும் எழுத்தையே அவர்களும் படிக்கட்டுமே என்பது அவர்கள் வாதம். 1840-ல் பள்ளிக்குப் புதிய தலைவராக வந்த டூபோ என்பவர், பிரெயில் முறைக்குத் தடை விதித்தார்.

மாணவர்கள் விடுவார்களா? மறைவில் எழுதினார்கள். ஒருவருக்கு ஒருவர் கற்றுக் கொடுத்தார்கள். நாட்குறிப்பு எழுதவும், நண்பனுக்குக் கடிதம் எழுதவும் ருசி கண்ட கைகள் அல்லவா அவை!

துணைத் தலைவர் குவாதே மாணவர்கள் பக்கம் பேசினார். டூபோவும் மனம் மாறினார். 1844-ம் ஆண்டு பள்ளியின் புதிய கட்டிடத் திறப்பு விழாவில், சபையோர் முன்னிலையில் மாணவர்கள் புள்ளிகளில் எழுதியும் படித்தும் காட்டினார்கள். கூடியிருந்தோர் வியந்தார்கள்.

கண் உள்ளவர்களோடு கடிதம் எழுதிக்கொள்ளவும் லூயி ஒரு வழி தேடினார். சாதாரண எழுத்துகளையே புள்ளிகளால் வரையும் முறையை 1839-ல் வெளியிட்டார். அதற்குப் பூக்கோ என்ற பார்வையற்ற நண்பர் ஓர் எந்திரமும் செய்தார். மகன் பொத்தான்களை அழுத்தி எழுதிய கடிதத்தைத் தாய் தன் கண்ணால் படிக்க முடிந்தது.

இதற்கிடையே காச நோய் லூயியைப் பிடித்துக்கொண்டது. பல ஆண்டுகள் இருமலோடும் ரத்தப் போக்கோடும் போராடினார். 1852-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, 43-வது பிறந்த நாள் முடிந்த இரண்டாம் நாள், அவர் உயிர் பிரிந்தது. அவருடைய எழுத்தைப் பிரான்சு அரசு முறைப்படி ஏற்றது 1854-ல். அந்த நல்ல செய்தியைக் கேட்க அவர் இல்லை!

பிறகு அந்த எழுத்து நாடு நாடாகப் பரவியது. இந்திய மொழிகளுக்கு ஒரே முறையில் அமைந்த பாரதி பிரெயில் 1951-ல் ஏற்கப்பட்டது. தமிழ் எழுத்துகளும் அந்த ஆறு புள்ளிகளுக்குள்தான். இடப்புற மேல் புள்ளி ஒன்று மட்டும் நின்றால், அது நம் ‘அ’.

1952-ம் ஆண்டு, இறந்து நூறு ஆண்டுகள் ஆனபோது, அவர் உடலைப் பாரிசில் பெருமக்கள் துயிலும் பாந்தியன் மண்டபத்துக்குக் கொண்டுசென்றார்கள். ஆனால் கூவ்ரே மக்கள் அவருடைய கைகளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு சிமிழில் வைத்து, சொந்த ஊரிலேயே போற்றி வருகிறார்கள்.

கண்ணாடிப் பலகையில் புள்ளி

2010-ல் ஐபேட் என்ற டேப்லெட் வெளிவந்தபோது, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரலும் அதிலேயே இருந்தது. விரல் எங்கே படுகிறதோ, அங்கே இருப்பதை அது சொல்லும். இருமுறை தட்டினால் திறக்கும். 2014-ல் அதன் திரைமேல் பிரெயிலில் எழுதும் வசதியும் வந்தது. ஆறு விரல்கள் ஆறு புள்ளிகள். எந்தப் புள்ளிகள் வேண்டுமோ அந்த விரல்களால் ஒரே நேரத்தில் தட்டினால் ஓர் எழுத்து விழும். படிப்பதற்கும் வழி உண்டு. டேப்லெட்டோடு கம்பியின்றி இணையும் ஒரு பட்டையில் சின்னஞ்சிறு ஊசிகள் எழுந்தும் அமர்ந்தும் வரிகளைக் காட்டும். ஒரு வரி முடிந்தால் அதே இடத்தில் அடுத்த வரி எழும். அந்நாளில் தூக்க முடியாமல் கனத்த புத்தகங்கள் எத்தனையோ இன்று ஒரு கைப்பைக்குள் அடங்கிவிட்டன.

கருவிதான் பேசுகிறதே, இனி புள்ளி எழுத்து எதற்கு என்று சிலர் எண்ணலாம். ‘அரை’ என்பதையும் ‘அறை’ என்பதையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பலர் வாயில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். காதால் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு எந்த ‘ர’ எங்கே வரும் என்று எப்படித் தெரியும்? விரலால் படிக்கும் பிள்ளைக்குத் தெரியும். கண்ணோடு காதும் கேளாதவர்களுக்கோ, பேசும் கருவியால் பயன் இல்லை. அவர்களுக்கு விரல் ஒன்றே வாசல்.

லூயி பிறந்த ஜனவரி 4-ந் தேதியை உலக பிரெயில் தினமாக 2019 முதல் ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடுகிறது. பார்வை இல்லாத குழந்தை ஒன்று நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அதன் கையில் டேப்லெட் கொடுப்பது நல்லதுதான். அதோடு அந்த ஆறு புள்ளிகளையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் குழந்தை பிறர் படிக்கக் கேட்பதோடு நின்றுவிடாமல், தானே படிக்கும். தன் பெயரைத் தானே எழுதும்.