காளத்திக் கலையைக் காத்த கமலாதேவி

1903-இல் மங்களூரில் பிறந்த கமலாதேவி சட்டோபாத்யாயா அம்மையார் 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்திற் சிறை புகுந்ததைப் பலரும் அறிவர். திருப்பதிக்கு அணித்தான காளத்திக்கு அவர் ஆற்றிய தொண்டையே நாம் ஈண்டு நினைக்க விழைகின்றோம்.

கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், துரும்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய கருநீரை மூங்கிற் கோலால் தொட்டு, இராமகாதையைக் கையாலேயே வரைவது கலங்காரி. அச்சுக்கட்டை கொண்டு பதிக்கும் மசூலிப்பட்டினத்து வேலை வேறு. ஏட்டைப் பார்த்துக் கற்கவொண்ணாத கலையாதலின், அறிந்தோர் கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். ஆதரிப்போர் அருகிப்போக, காளத்தியில் அந்நிலையே நெருங்கிற்று.

1952-இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்திற்குத் தலைமை தாங்கிய அம்மையார் முயன்று, 1957-இல் அவ்வூரிலேயே பயிற்சி நிலையம் தோன்றச் செய்தார். ஜொன்னலகட்டா லட்சுமையா என்னும் கலைஞர் ஆங்கு ஆசிரியரானார். சிறை புகுந்ததினும் இஃது எளிய செயலன்று என்பது எம் கருத்து.

அம்மையார் 1988-இல் மறைந்தார். காளத்தியில் கோல் பிடிப்போருள் இன்று பெண்டிரும் பலர்.