3,200 ஆண்டுகளுக்கு முன்பே இறுகிப்போன ரத்தக்குழாய்: எகிப்து மன்னர் மெர்னெப்டாவின் மம்மி சொல்வது என்ன?

இதய நோய் என்றாலே பரோட்டா, சிகரெட், உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்று இந்தக் காலத்து வாழ்க்கை மேல்தான் பழி போடுறோம், இல்லையா? அப்போ, சுமார் கி.மு. 1203-இல் இறந்த இந்த மன்னரின் கதையைக் கேளுங்க.

யார் இந்த மெர்னெப்டா?

எகிப்தை 66 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராம்சேஸின் 13-வது மகன். அண்ணன்கள் எல்லோரும் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட, அரியணை இவரிடம் வந்தது. அப்போதே வயது ஏறக்குறைய 60-ஐத் தாண்டிவிட்டது.

ஆனாலும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. பஞ்சத்தில் தவித்த ஹிட்டைட் நாட்டுக்குத் தானியம் அனுப்பினார். ஐந்தாம் ஆட்சியாண்டில் படையெடுத்து வந்த லிபியர்களை முறியடித்தார். அந்த வெற்றியைச் சொல்லும் கல்வெட்டு 1896-இல் கிடைத்தது. இஸ்ரேல் என்ற பெயர் இடம்பெறும் மிகப் பழைய சான்றாக அறிஞர்கள் பலரும் கருதுவது அதைத்தான். சுமார் 10 ஆண்டுகள் ஆண்டு மறைந்தார்.

மம்மியில் கிடைத்தது என்ன?

அவரது மம்மி 1898-இல் அரசர்களின் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்டது. 1907-இல் உடற்கூறியல் நிபுணர் எலியட் ஸ்மித் அதன் துணிக்கட்டுகளை அவிழ்த்தார். உள்ளே இருந்தது வழுக்கைத் தலை, பருத்த உடல் கொண்ட ஒரு முதியவர். அவரது பெருந்தமனியின் ஒரு பகுதி லண்டனுக்கு அனுப்பப்பட்டது. அதை ஆராய்ந்த ஷாட்டக் என்ற மருத்துவர், குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்திருந்ததாக 1909-இல் அறிக்கை தந்தார்.

அப்படின்னா என்ன?

இதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் ரத்தத்தைக் கொண்டுபோகும் முதன்மைக் குழாய்தான் பெருந்தமனி. ரப்பர் மாதிரி விரிந்து சுருங்க வேண்டியது. அதன் உள்சுவரில் கொழுப்பு படிந்து, அதோடு கால்சியமும் சேர்ந்தால் குழாய் இறுகிவிடும். உப்புத் தண்ணீர் ஓடும் பைப்பில் படிவு ஏறுவது போலத்தான். படிவு அதிகமானால் பாதை குறுகும். இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும்.

இவர் ஒருத்தர் மட்டும்தானா?

இல்லை. எகிப்து, பெரு உள்ளிட்ட நான்கு பகுதிகளைச் சேர்ந்த 137 மம்மிகளை ஸ்கேன் செய்த ஆய்வு 2013-இல் வெளியானது. 47 மம்மிகளில் இந்தப் பாதிப்பின் அடையாளம் இருந்தது. பழங்கால எகிப்தில் புகையிலையே கிடையாது என்பதையும் நினைச்சுப் பாருங்க.

அதுக்காக, எப்படியும் வரத்தானே போகுதுன்னு இருந்துடாதீங்க. வயதும் பரம்பரையும் நம் கையில் இல்லை. ஆனால் புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்த முடியும். மெர்னெப்டாவுக்கு இல்லாத பிபி கருவி நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கு. கடைசியா எப்போ பார்த்தீங்க?