மருந்து தந்த சுப்பாராவ்

உயிர்வேதியியல் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு ஒரு நீல நிறம் நன்கு பழக்கமாகியிருக்கும். கரைசலில் உள்ள பாஸ்பரஸை அளக்கும் சோதனையில் தோன்றும் நிறம் அது. நீலம் எவ்வளவு அடர்ந்து வருகிறதோ அவ்வளவு பாஸ்பரஸ். பதிவேட்டில் அதற்கு நாம் எழுதும் தலைப்பு, ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை. மானசகங்கோத்திரியில் நான் அதை முதலில் எழுதிய அன்று, யார் இந்தச் சுப்பாராவ் என்ற பேச்சு எழுந்தது. கன்னட நண்பர் ஒருவர் தம் நாட்டவர் என்றார். ஆந்திர நண்பர் விடவில்லை. அவர் சொன்னதே சரி. சென்னையில் கற்றவர் என்று அறிந்ததும், நமக்கும் அவரிடம் ஒரு பங்கு உண்டென்று நானும் உரிமை கொண்டாடினேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறிய குடும்பம். சிறுவனாக இருந்தபோது, காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கலாமென்று வீட்டை விட்டே ஓடினார். வழியில் பிடித்துக் கொண்டுவந்து மீண்டும் பள்ளியில் சேர்த்தனர். மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறினார். தேர்வில் தவறியவர்கள் நம்மிடையேயும் உண்டு. இச்செய்தி அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

மாநிலக் கல்லூரியில் படித்த பின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, அறுவை வகுப்புக்கும் கதர் அங்கியே அணிந்து சென்றார். ஆங்கிலப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு வழி அடைபட்டதால், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார். இதற்கிடையே ஸ்ப்ரூ என்னும் குடல் நோய் அவருடைய உடன்பிறந்தார் இருவரை அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அந்த நோய்க்கு மருந்து காணவேண்டும் என்ற வேகம் அவரை விட்டு நீங்கவே இல்லை.

1920களின் தொடக்கத்தில், மாமனார் தந்த உதவியோடு அமெரிக்கா சென்றார். இளம் மனைவியை ஊரில் விட்டுச் சென்றவர் திரும்பி வரவேயில்லை. அவர் புகழைப் பேசுவோர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். எனக்கு அவ்வாறு கடக்க மனம் வரவில்லை. பிறருடைய உயிர்களைக் காக்கப் போன ஒருவருக்காக, இங்கே ஓர் உயிர் ஆயுள் முழுதும் காத்திருந்தது.

பாஸ்டனில் ஹார்வர்டில் பகலில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் கூலி வேலை. நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களை எடுத்துக் கழுவுவதும் அவ்வேலையில் அடங்கும். அங்கேதான் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, நாம் இன்றும் செய்யும் நீலச் சோதனையை 1925இல் வெளியிட்டார். தசை இயங்குவதற்கு வேண்டிய ஆற்றல் ஏ.டி.பி. என்ற பொருளிலிருந்து கிடைப்பதாக நாம் படிக்கிறோம் அல்லவா? அப்பொருளைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தவர்களுள் அவரும் ஒருவர். இத்தனைக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிலையான பதவி தரவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, ஆராய்ச்சித் தலைவரானார்.

அங்கு அவருடைய குழுவினர் செய்த வேலை எட்டு ஆண்டுகளில் அடங்குவதன்று. ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. அதன் உருவை மாற்றிச் செய்த அமினாப்டெரின், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயை முதன்முதலாகச் சிலகாலம் அடக்கிக் காட்டியது. யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் வீடு வீடாகக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அக்குழுவின் கொடையே.

நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது ஆரியோமைசினைப் பற்றி. பென்சிலின் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்குள் லண்டன் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளிடம் எடுத்த ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளில் பாதிக்கு மேல் 1948இல் அதற்கு அடங்கவில்லை. வேறு பல கிருமிகளுக்குப் பென்சிலின் தொடக்கத்திலிருந்தே பயன்படவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்று எழுபதைக் கடந்திருந்த தாவரவியலார் பெஞ்சமின் டக்கரைச் சுப்பாராவ் தம் கூடத்தில் வைத்துக்கொண்டார். பல இடங்களின் மண்ணை வரவழைத்து, அதில் வாழும் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது கிழவரின் வேலை. மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் ஒரு வயல்மண்ணில், பொன்னிறப் பொருள் சுரக்கும் ஓர் உயிர் கிடைத்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அதுவே. வாயால் விழுங்கலாம், பலவகைக் கிருமிகளையும் அடக்கும். 1948 சூலையில் உலகுக்கு அறிவித்தனர். அடுத்த மாதமே, ஐம்பத்து மூன்றாம் வயதில், உறக்கத்தில் சுப்பாராவ் மறைந்தார்.

ஆகவே அம்மருந்துக்குப் பின்னால் நேர்ந்ததை அவர் காணவில்லை. கோழிக்குத் தீவனத்தில் சிறிது கலந்தால் அது விரைவில் பருக்கிறது என்று அதே நிறுவனத்தாரே கண்டனர். பிறகு கால்நடைகளுக்கு அதை அள்ளி வழங்கினர். மக்களும் காய்ச்சலென்றால் டெட்ராசைக்ளின் என்று வாங்கி விழுங்கினர். கிருமிகள் சும்மா இருக்குமா? உள்ளே புகுந்த மருந்தை இறைத்து வெளியே தள்ளும் ஒரு பொறியை அவை பரப்பிக்கொண்டன. கிணற்றில் ஏற்றம் இறைப்பதுபோல என்று எண்ணிக்கொள்ளலாம். அதைச் செய்யும் மரபணு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். மருந்தும் நோயாளிகளும் நெருங்கியிருக்கும் மருத்துவமனையைப்போல் அதற்கு ஏற்ற இடம் வேறில்லை.

அந்த ஏற்றத்தில் அகப்படாதபடி, மூலக்கூற்றில் ஒரு பெரிய கிளையைச் சேர்த்து, அதே பேர்ல் ரிவரில் பின்வந்தவர்கள் டைகிசைக்ளினை ஆக்கினர். 2005இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐந்தாண்டு கழித்து, கார்பபெனம் என்னும் வலிய மருந்துகளையும் சிதைக்கும் என்.டி.எம்.–1 நொதியைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. அதில் சென்னையில் மட்டும் அந்நொதி கொண்ட 44 கிருமி மாதிரிகள் கண்டதாகக் கணக்கு. அவற்றிடம் பெரும்பாலும் செல்லுபடியானவை இரண்டே மருந்துகள்: ஒன்று கோலிஸ்டின், மற்றது டைகிசைக்ளின். கதர் அங்கிக்காகப் பட்டம் இழந்தவர் கற்ற நகரத்துக்கு, அவர் கூடத்தின் பேரப்பிள்ளைதான் துணை நின்றது. அதுவும் எத்தனை நாளைக்கோ! டைகிசைக்ளினையே அழிக்கும் மரபணுக்கள் தாவித் திரிவதைச் சீன ஆய்வாளர் 2019இல் வெளியிட்டுவிட்டனர்.

இவ்வளவையும் நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் என் தாய்மாமனுக்குக் குடலில் அறுவை நடந்தது. அறுவை நன்றாகவே முடிந்தது. ஐந்தாம் நாள் புண் சீழ்பிடித்தது. வெளியிலிருந்து அவர் கொண்டுவந்த கிருமி அன்று, வார்டிலேயே பற்றியது என்றார் மருத்துவர். கழுவாத ஒரு கையாக இருக்கலாம், குழாயாக இருக்கலாம், பார்க்கப்போன எங்களில் ஒருவராகவும் இருக்கலாம். சோதனைத் தாளைக் கையில் வாங்கினேன். வரிசையாக மருந்துப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அடங்காது என்று பொருள்படும் ஆர் எழுத்து. இறங்கிக்கொண்டே வந்த என் விரல் கடைசியில் இரண்டு இடத்தில்தான் எஸ் எழுத்தைக் கண்டது. அவ்விரண்டில் ஒன்று டைகிசைக்ளின்.

அன்று முதல் அந்த வார்டில் ஒரு செவிலியம்மா கட்டிலுக்குக் கட்டில் கை கழுவுவதையும், கடைநிலை ஊழியர் ஒருவர் மலசலப் பாத்திரங்களை மருந்து நீரில் ஊறவைத்துத் தேய்ப்பதையும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்டனில் ஒருவர் இரவெல்லாம் செய்த வேலை அது. மருந்து தோற்கும் இடத்தில் எஞ்சி நிற்பதும் அதுதான். அதற்குக் கொடுக்கும் கூலியோ இன்றும் மிகக் குறைவு.

பதினொரு நாளில் மாமாவுக்குக் காய்ச்சல் தணிந்தது. நரம்பில் ஏறும் அந்த மஞ்சள் மருந்தைக் கண்டவர் யார் என்று ஒருநாள் கேட்டார். சுப்பாராவின் கதையைச் சொன்னேன். மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறியதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்குமென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு, அந்தக் குப்பியில் அவர் பெயர் போட்டிருக்கிறதா பார் என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை.