பந்தைப் பிடித்தவர்

மானிப்பாய்க்கு அமெரிக்க மிசனரிமார் வைத்தியசாலை தந்தார்கள், அச்சகம் தந்தார்கள். அவர்கள் நாட்டு உதைபந்தாட்டம் மட்டும் வரவில்லை. அவர்கள் கப்பலேறிய காலத்தில் அந்த ஆட்டமே பிறந்திருக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் கோலுக்கு உதைக்கும் பந்தை இன்னொருவர் பிடித்துக்கொடுக்க வேண்டும். அவர் முழங்காலில் இருந்தபடி, சுமார் ஏழு யார் முன்னாலிருந்து பறந்துவரும் பந்தை ஏந்தி, நிலத்தில் நிறுத்தி, தையல் உதைப்பவரின் பக்கம் வராதபடி திருப்பி, விரலால் அழுத்திப் பிடிப்பார். எல்லாம் ஒன்றரை நொடிக்குள். பத்திரிகையில் உதைத்தவரின் பெயர்தான் வரும்.

சார்லி கொனர்லி 1921இல் மிசிசிப்பியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பசுபிக் களத்தில் மரைன் படைவீரர். 1948இல் நியூயோர்க் ஜயன்ற்ஸில் சேர்ந்து 14 பருவங்கள் குவாட்டர்பேக்காக ஆடினார். அணி தோற்ற நாட்களில் சொந்த இரசிகர்களே அவரை ஊருக்குப் போகச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். 1956இல் அதே அணி சம்பியன்.

1958 டிசெம்பர் 14, யாங்கி மைதானம். பனி கொட்டுகிறது. கிளீவ்லாந்துடன் 10-10. சமநிலையில் முடிந்தால் ஜயன்ற்ஸின் பருவமும் முடிந்தது. கோடுகள் பனியில் மறைந்த தரையில் 37 வயதுக் கொனர்லி முழந்தாளிட்டார். சற்றுமுன் ஒரு உதையைத் தவறவிட்டிருந்த பற் சமரால், இம்முறை 49 யார் தூரத்திலிருந்து உதைத்தார். 13-10.

சமரால் பின்னர் தொலைக்காட்சி வர்ணனையாளராகப் புகழ்பெற்றார். அந்த உதையும் அவர் பெயரிலேயே நிற்கிறது. நனைந்த பந்தை அசையாமல் நிறுத்தியவருக்குப் பாதிப் பங்காவது வேண்டாமா?

கொனர்லி 1961உடன் ஆட்டத்தை விட்டு, மிசிசிப்பி திரும்பிச் சப்பாத்துக் கடைகள் நடத்தினார். 1996இல் காலமானார்.