சீதபேதி இல்லை, கேன்சர்

ஆவடியிலயோ அம்பத்தூர்லயோ ட்ரெயின் ஏறி சென்ட்ரல்ல இறங்குங்க. ரோட்டைத் தாண்டினா ஜி.ஹெச்., பக்கத்திலேயே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். 1907-ல் அங்கே படிக்க வந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஸ்கூல் புக்ல தேவதாசி முறை ஒழிப்புன்னு ஒரு பாராவுல இவரைப் படிச்சிருப்பீங்க. அந்தப் பாராவுல வராத ஒரு கதை இருக்கு.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அங்கே ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேரவே ராஜாவின் அனுமதி தேவைப்பட்டது. மெட்ராஸ் வந்த பிறகும் லேசா இல்லை. சர்ஜரி வகுப்பில் பெண்களை உட்காரவே விடாத ஒரு பேராசிரியர், இவர் எடுத்த மார்க்கைப் பார்த்த பிறகுதான் மனசு மாறினாராம். 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் திருமணம், கணவர் சுந்தர ரெட்டியும் டாக்டர்தான்.

இப்போ 1923-க்கு வாங்க. இவருடைய தங்கைக்கு மலத்தில் ரத்தம் போகுது. சீதபேதின்னு சொல்லி அதுக்கே வைத்தியம் நடக்குது. உண்மையில் அது மலக்குடல் கேன்சர். தெரிய வந்தபோது நோய் முற்றிவிட்டது. தங்கை இறந்துபோனார். வீட்டிலேயே இரண்டு டாக்டர் இருந்தும் இதுதான் நடந்தது.

இதுல ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. மலக்குடல் கேன்சருக்கு ஆபரேஷன் அப்போ இல்லாமல் இல்லை. வயிறு வழியாகவும் கீழிருந்தும் அறுத்து, குடலைச் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளோடு சேர்த்து எடுக்கும் முறையை லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-லேயே எழுதிவிட்டார். பெரிய, ஆபத்தான ஆபரேஷன்தான். ஆனா கட்டி ஒரே இடத்தில் இருக்கும்வரைதான் கத்தியால் ஏதாவது செய்ய முடியும். குடலிலிருந்து வரும் ரத்தம் நேரா கல்லீரலுக்குத்தான் போகும். அதனால கேன்சர் செல்களும் பெரும்பாலும் முதலில் அங்கேதான் போய் உட்காரும். இன்னைக்கு கல்லீரல் கட்டியையும் பல பேருக்கு வெட்டி எடுக்கிறாங்க. 1923-ல் அது நினைச்சுப் பார்க்க முடியாதது. அப்போ எல்லாமே எப்போ கண்டுபிடிக்கிறோம் என்பதில்தான் இருந்தது. (நம்ம ஆளுங்க இன்னைக்கும் ரத்தம் போனா மூலம்னு தாங்களே முடிவு பண்ணிக்கிறாங்க. தயவுசெய்து டாக்டரைப் பாருங்க.)

1925-ல் மேல்படிப்புக்கு லண்டன் போனவர், கேன்சர் சிகிச்சையைப் பற்றியும் அங்கே தெரிஞ்சுக்கிட்டார். திரும்பி வந்ததும் சட்டசபை, துணைத்தலைவர் பதவி, அவ்வை இல்லம்னு வேலை பெருகிக்கிட்டே போச்சு. ஆனா தங்கையை மறக்கலை. 1935-ல் மெடிக்கல் காலேஜ் நூற்றாண்டு விழாவில், கேன்சருக்குத் தனி ஆஸ்பத்திரி வேணும்னு அறிவித்தார். கேன்சர் வந்தா எப்படியும் சாகத்தானே போறாங்க, அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி என்கிற மாதிரிதான் அதிகாரத்தில் இருந்தவங்க பதில் இருந்தது. இந்திய மாதர் சங்கம் மூலமா ஊர் ஊரா நிதி திரட்டினார். 1952-ல் அடையாறில் நேரு அடிக்கல் நாட்டினார்.

1954 ஜூன் 18-ல் ஆஸ்பத்திரி திறந்தது. மொத்தம் 12 படுக்கை. தங்கை போய் 31 வருஷம் ஆகியிருந்தது. இவருக்கு வயது 67. மகன் கிருஷ்ணமூர்த்திதான் அங்கே சர்ஜன். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். 2021-ல் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார்.

1957-ல் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒரு மெஷின் வந்தது: கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி. ஆசியாவிலேயே முதல் கருவின்னு சொல்வாங்க. கத்தி எட்டாத கட்டிக்கு இனி வேற வழியும் இருந்தது. 1968 ஜூலை 22-ல் முத்துலட்சுமி இறந்தபோது அடையாறில் அந்த வரிசை நீண்டுக்கிட்டே இருந்தது.