கம்ப்யூட்டர் இல்லாத காலத்து ‘பிளஸ் டூ’ மாணவர்: ஆலன் டூரிங் யார்?

மாதவரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுக்கும் மாணவர் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் படிக்கிறார். இந்தப் பாடத்துக்கே அடித்தளம் போட்ட ஆலன் டூரிங் அந்த வயதில் என்ன படித்தார்? கம்ப்யூட்டர் இல்லை. அப்போது அப்படி ஒரு மெஷினே கிடையாது.

டூரிங் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். ஆனால் குடும்பம் பிழைத்தது நம்ம பக்கம்தான். அப்பா ஜூலியஸ், மெட்ராஸ் மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி. அம்மா சாரா பிறந்தது கோவை போத்தனூரில். அம்மா வழித் தாத்தா எட்வர்ட் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் விட்ட அதே கம்பெனி. பெற்றோர் இங்கே இருக்க, பிள்ளை இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தார்.

ஷெர்போர்ன் பள்ளியில் அவருக்கு நல்ல பெயர் இல்லை. கையெழுத்து மோசம், லத்தீன் வராது, ஆங்கிலமும் சுமார். அறிவியல் மட்டும்தான் என்றால் இவன் இங்கே நேரத்தை வீணடிக்கிறான் என்பதே தலைமையாசிரியரின் எண்ணம். பையனோ தானாகவே ஐன்ஸ்டீனைப் படித்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்.

அவரை நிஜமாகப் படிக்க வைத்தது ஒரு சீனியர், கிறிஸ்டோபர் மார்கம். கணக்கு, வானியல், வேதியியல் என்று இருவரும் போட்டி போட்டார்கள். 1929 டிசம்பரில் சேர்ந்தே கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வு எழுதினார்கள். மார்கமுக்குக் கிடைத்தது, டூரிங்குக்கு இல்லை. இரண்டே மாதத்தில் மார்கம் இறந்துபோனார். சிறுவயதில் குடித்த பாலில் இருந்து தொற்றிய மாட்டுக் காசநோய். (பாலை ஏன் பாஸ்டரைஸ் செய்கிறார்கள் என்று பால் பண்ணை ஊரான மாதவரத்துக்கு விளக்க வேண்டியதில்லை.)

உடல் போன பிறகு மனம் என்ன ஆகும் என்ற கேள்வி டூரிங்கை விடவில்லை. மார்கமின் அம்மாவுக்கு அதைப் பற்றியே எழுதினார். அடுத்த டிசம்பரில் மறுபடி தேர்வெழுதி கிங்ஸ் கல்லூரியைப் பிடித்தார்.

1936-ல், 24 வயதில், அந்தப் புகழ்பெற்ற கட்டுரை வந்தது. கம்ப்யூட்டர் என்றால் அன்று கணக்குப் போடும் ஆள். அவர் கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தைப் பார்க்கிறார். மனதில் இருக்கும் நிலையைப் பொறுத்து எழுதுகிறார், அழிக்கிறார், அடுத்த கட்டத்துக்குப் போகிறார். இதை விதிகளாக்கினால் மெஷினும் செய்யும். எந்த மெஷினின் விதிகளையும் தாளிலேயே எழுதிக் கொடுத்தால், ஒரே மெஷின் எல்லா வேலையும் பார்க்கும். போனில் புது ஆப் போடும்போது நடப்பது இதுதான். எந்த மெஷினாலும் விடை சொல்ல முடியாத கேள்விகள் உண்டு என்பதையும் அதே கட்டுரையில் நிரூபித்தார்.

போரில் ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை உடைத்த குழுவில் முக்கியமானவர் அவர். 1952-ல் தன்பாலின உறவுக்காகத் தண்டிக்கப்பட்டு, சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தபோது வயது 41. தற்கொலை என்றது விசாரணை. வீட்டில் செய்த ரசாயனச் சோதனையால் வந்த விபத்து என்றே சாரா நம்பினார். 1959-ல் மகனின் வாழ்க்கை வரலாற்றை அவரே எழுதினார். எனிக்மா வேலை அப்போது ரகசியம் என்பதால், அந்தப் புத்தகத்தில் அது இடம்பெறவில்லை.