இயன் கேர்ட்டிஸ்: வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்த குரல்

மன்செஸ்டருக்குத் தெற்கே இருக்கும் மக்கிள்ஸ்பீல்ட், ஒரு காலத்தில் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற நகரம். 1970களின் பிற்பகுதியில் அங்கிருந்த அரச வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இயன் கேர்ட்டிஸ் என்றொரு இளைஞர் வேலை செய்தார். உடல் வலுவிழந்தவர்களுக்கும் நீண்டகால நோயாளிகளுக்கும் பொருத்தமான வேலை தேடிக் கொடுப்பதுதான் அவருடைய பொறுப்பு. எங்கள் பிரதேச செயலகங்களில் சமூக சேவை உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் கோவையோடு காத்திருப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு, அது எப்படிப்பட்ட வேலை என்று நான் விளக்கத் தேவையில்லை. அலுவலகம் முடிந்த பிறகு அதே இளைஞர் ஓர் இசைக்குழுவில் பாடினார். குழுவின் பெயர் ஜோய் டிவிஷன்.

23 வயதில் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட துயரக் கவிஞர் என்றுதான் உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அந்தப் படிமத்தில் நம்பிக்கை இல்லை. ஊடகக் கற்கை படித்த காலத்தில், அவருடைய வாழ்க்கையைப் பற்றி அன்ரன் கோர்பைன் 2007இல் எடுத்த ‘கொன்ட்ரோல்’ படத்தைப் பார்த்தேன். படம் முடிந்து மனதில் தங்கியது மேடை அல்ல, அந்த அலுவலக மேசைதான்.

1956 ஜூலை 15ஆம் திகதி பிறந்தவர் கேர்ட்டிஸ். சாதாரண குடும்பம். புலமைப்பரிசில் பெற்று நல்ல பாடசாலைக்குப் போனார். ஆனால் படிப்பைவிடக் கவிதையும் டேவிட் போவியின் இசைத்தட்டுகளும் அவரை அதிகம் இழுத்தன. 1975இல், 19 வயதில், டெபோராவைத் திருமணம் செய்துகொண்டார்.

அடுத்த வருடம் ஜூன் மாதம் மன்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு ஒரு சிறிய மண்டபத்தில் பாடியது. வந்தவர்கள் மிகக் குறைவு. வந்தவர்களில் பேர்னார்ட் சம்னர், பீற்றர் ஹூக் என்ற இரண்டு நண்பர்களும் இருந்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களும் குழு தொடங்கலாம் என்று அன்றிரவு அவர்களுக்குப் பட்டது. மறுநாளே ஹூக் ஒரு பேஸ் கிற்றார் வாங்கினார். பாடகர் தேவை என்று அவர்கள் இசைத்தட்டுக் கடையில் ஒட்டிய விளம்பரத்துக்குப் பதில் சொன்னவர் கேர்ட்டிஸ். 1977இல் ட்ரம்ஸ் வாசிக்க ஸ்டீவன் மொரிஸ் வந்து சேர்ந்ததும் நால்வரும் ஆகிவிட்டார்கள்.

முதலில் வார்சோ என்றிருந்த பெயரை 1978இன் தொடக்கத்தில் ஜோய் டிவிஷன் என்று மாற்றினார்கள். நாஸி முகாம்களில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பிரிவைக் குறிக்க ஒரு நாவலில் வந்த பெயர் அது. கொடுமை செய்தவர்களின் பக்கமல்ல, அனுபவித்தவர்களின் பக்கம் நின்று வைத்த பெயர் என்று பின்னாளில் விளக்கம் சொல்லப்பட்டது. யுத்தம் பெண்களை என்ன செய்யும் என்று தெரிந்த மண்ணிலிருந்து பார்க்கும் எனக்கு, அதை ஓர் இசைக்குழுவின் பெயராக்கியது இன்றும் ஒப்பவில்லை.

இசை வேறு விடயம். பங்க் என்பது மூன்று சுரக்கட்டுகளும் நிறையக் கோபமும். அந்தக் கோபம் அடங்கிய பிறகு, அதே துணிச்சலோடு உள்ளுக்குள் திரும்பிப் பார்த்த குழுக்களின் இசையைத்தான் போஸ்ட் பங்க் என்கிறார்கள். ஜோய் டிவிஷனில் மெட்டைத் தூக்கிப் பிடிப்பது ஹூக்கின் பேஸ் கிற்றார். சம்னரின் கிற்றார் இடையிடையே கீறிவிட்டுப் போகும். அதற்கு நடுவே கேர்ட்டிசின் கனத்த, ஏற்ற இறக்கம் குறைந்த குரல். முதல் அல்பமான ‘அன்னோன் பிளெஷர்ஸ்’ 1979 ஜூனில் வந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹனெட் ஒவ்வொரு ஒலிக்கும் இடையில் வெறுமையை விட்டுப் பதிவு செய்தார். மேடையில் தாங்கள் எழுப்பும் இரைச்சலைக் காணவில்லை என்று ஹூக்குக்கும் சம்னருக்கும் அதில் அதிருப்தி. இன்று உலகம் கொண்டாடுவது அந்த வெறுமையைத்தான்.

அதன் அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள், என்னவென்று தெரியாமலேயே. கறுப்பில் மலைத்தொடர் போல வெள்ளைக் கோடுகள். 1967இல் ஜோசலின் பெல் முதன்முதலில் கண்டறிந்த துடிப்பு விண்மீனின் வானொலி அலைகள் அவை. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்த படத்தை எடுத்து பீற்றர் சவில் அட்டையாக வடிவமைத்தார். கிளிநொச்சிப் பக்கம் அந்த ரீசேர்ட் போட்ட பெடியன்களைக் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் பாட்டைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. அதில் பிழையும் இல்லை.

அந்த அல்பத்தில் ‘ஷீஸ் லொஸ்ட் கொன்ட்ரோல்’ என்றொரு பாடல் இருக்கிறது. கேர்ட்டிசின் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வந்துபோன இளம்பெண் ஒருவருக்கு வலிப்பு நோய் இருந்தது. சில காலம் அவர் வரவில்லை. விசாரித்தபோது, இறந்துவிட்டார் என்று தெரியவந்தது. பாடல் அவரைப் பற்றியது.

பாடியவருக்கும் அதே நோய் வந்தது. 1978 டிசம்பர் 27ஆம் திகதி லண்டனில் முதன்முறையாகப் பாடிவிட்டுத் திரும்பும் வழியில், காருக்குள்ளேயே அவருக்கு வலிப்பு ஏற்பட்டது. அடுத்த மாதம் வைத்தியர்கள் நோயை உறுதி செய்தார்கள். நித்திரை முழிப்பு, மது, சிலருக்கு மின்னி மின்னி எரியும் விளக்குகள் எல்லாம் வலிப்பைத் தூண்டக்கூடியவை. இசைக்குழு ஒன்றின் வாழ்க்கையில் வேறென்ன இருக்கிறது? அந்தக் காலத்து வலிப்பு மருந்துகள் சிலவோ மனநிலையையே குலைக்கக்கூடியவை.

கைகளை வெட்டி வெட்டி வீசி ஆடுவது கேர்ட்டிசின் வழக்கம். சில இரவுகளில் ஆட்டம் எங்கே முடிந்து வலிப்பு எங்கே தொடங்கியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. கைதட்டினார்கள். நண்பர்கள் அவரை மேடையிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள், கொஞ்சம் தெளிந்ததும் அடுத்த ஊருக்குப் பயணம். அவரைப் பற்றி வாசிக்கும்போது நான் ஒவ்வொரு முறையும் தடுக்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

வலிப்பு எங்களுக்கும் மறைக்கப்படும் வருத்தம். விழுந்தவரின் கையில் இரும்பைத் திணிப்போம், கலியாணப் பேச்சில் வாயே திறக்கமாட்டோம். தலையில் செல் துண்டுபட்டுத் தப்பியவர்களுக்கு வருடங்கள் கழித்தும் வலிப்பு வரலாம். வன்னியில் இது யாரோ ஒருவருடைய கதை அல்ல. வலிப்புள்ளவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்த ஓர் உத்தியோகத்தர், தனக்கு அது வந்தபோது பெரும்பாலும் சமாளித்துக்கொண்டே நடந்தார். நான் நல்லாயிருக்கிறேன் என்று அவர் காட்டிக்கொண்டார். குழுவுக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது. எல்லோருக்கும் இருபதைக் கடந்து இரண்டு மூன்று வயதுதான்.

1979 ஏப்ரலில் மகள் நற்றலி பிறந்தாள். அந்த இலையுதிர் காலத்தில் பஸ்கொக்ஸ் குழுவோடு நாடு முழுக்கப் பாடப் போவதற்காக அவர் வேலையை விட்டார். பெல்ஜியப் பெண் ஒருவரோடு ஏற்பட்ட உறவால் திருமணமும் உடையத் தொடங்கியது. கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த டெபோராவுக்கு அவர் நியாயமாக நடக்கவில்லை. 1995இல் டெபோரா எழுதிய நூல் அதை மறைக்காமல் சொல்கிறது. கேர்ட்டிசை விளங்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் இரசிகர்கள் எழுதியதற்கு முன் அதைத்தான் வாசிக்க வேண்டும் என்பேன்.

1980 ஏப்ரலில் அவர் உயிரை மாய்க்க முயன்று காப்பாற்றப்பட்டார். மறுநாள் இரவு பெரி என்ற ஊரில் நிகழ்ச்சி. இரத்துச் செய்யப்படவில்லை. அவர் ஓரிரு பாடல்களோடு நிறுத்த, வேறு பாடகர்கள் தொடர, கூட்டம் போத்தல்களை வீசிக் கலவரமாகியது. மே 2ஆம் திகதி பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கடைசியாகப் பாடினார். மே 19ஆம் திகதி அமெரிக்கப் பயணம் தொடங்கவிருந்தது. 18ஆம் திகதி மக்கிள்ஸ்பீல்ட் வீட்டில் இறந்தார்.

மே 18 என்றால் எங்களுக்கு முள்ளிவாய்க்கால். அந்தத் திகதியில் இரண்டும் ஒன்றாக விழுந்தது தற்செயல், ஒப்பிட ஏதுமில்லை. ஆனால் ஒரு நினைவு நாளில் பாடலும் பூவும் மட்டும் மிஞ்சி, என்ன நடந்தது என்ற கேள்வி பின்னுக்குப் போகும் ஆபத்தை நாங்கள் அறிவோம். கேர்ட்டிசுக்கு அதுதான் நடந்தது. இறந்த பிறகு வெளியான ‘லவ் வில் டெயார் அஸ் அபார்ட்’ பிரித்தானியப் பட்டியலில் 13ஆம் இடத்தையும், இரண்டாவது அல்பமான ‘குளோசர்’ 6ஆம் இடத்தையும் பிடித்தன. குரல் புகழடைந்தது. வைத்தியம் சரியாக நடந்ததா, ஓய்வு யார் கொடுத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் கேட்காத விடயங்களாகின. பாடல் வரிகளில் அவர் சொல்லிக்கொண்டிருந்ததைத் தாங்கள் அப்போது கவனிக்கவில்லை என்று மற்ற மூவரும் பின்னர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மூவரும் நியூ ஓர்டர் என்ற புதுப் பெயரில் தொடர்ந்தார்கள். சம்னர் பாடகரானார். விசைப்பலகைக்கு ஜில்லியன் கில்பேர்ட் வந்தார். 1983இல் வந்த ‘புளூ மண்டே’, பிரித்தானியாவில் மிக அதிகம் விற்ற 12 அங்குலத் தனிப்பாடல் இசைத்தட்டு. இப்போது நடன அரங்குகளில் கேட்கும் இயந்திரத் தாளத்துக்கு அதில் ஒரு வேர் இருக்கிறது.

மக்கிள்ஸ்பீல்டில் அவருடைய நினைவுக் கல்லில் பெயருக்கும் திகதிக்கும் கீழே அந்தப் பாடலின் தலைப்பைப் பொறித்திருந்தார்கள். 2008இல் யாரோ கல்லைத் திருடிப் போனார்கள். அதே எழுத்துகளோடு வேறொன்று வைக்கப்பட்டது. ஹூக் 2007இல் நியூ ஓர்டரை விட்டு விலகி, பெயருக்கும் பணத்துக்குமாகப் பழைய நண்பர்களோடு வழக்காடினார். இப்போது அவர் தனிக்குழு வைத்து ஜோய் டிவிஷன் அல்பங்களை முழுதாக வாசிக்கிறார். சம்னரும் மொரிசும் நியூ ஓர்டர் நிகழ்ச்சியின் கடைசியில் கேர்ட்டிசின் பாடலைப் பாடுகிறார்கள். மேடைகள் வேறு, பாட்டு ஒன்று.